மனுதாரருக்காக

தமிழில் நீதி கேட்கிறவர்கள் தாங்களே நேரில் வந்து கேட்கிறார்கள். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் சபைக்கு வந்தாள். திருவாரூரில் பசு வந்து மணியை இழுத்தது. 1952-இல் ‘பராசக்தி’ குணசேகரன் கூண்டில் ஏறித் தன் வழக்கைத் தானே பேசினான். இரண்டு தலைமுறைகள் அந்த வசனத்தை மனப்பாடம் செய்தன. இவர்கள் யாருக்கும் வக்கீல் கிடையாது. அடுத்தவனுக்காகப் பேசுகிறவன், அதிலும் கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறவன், நம் கற்பனையில் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்துக்குரிய ஆசாமி. எழுத்தாளர்களாகிய நாமும் அவனைப் பெரும்பாலும் கறுப்புக் கோட்டும் பொய்யுமாகத்தான் பார்த்திருக்கிறோம். ஆகவே அடக்குமுறை அரசுகளுக்கு எதிரே மனித உரிமைக்காக நின்ற வக்கீல்களைக் கௌரவிப்பது என்று பேச்செடுத்தால், அதற்கு நம்மிடம் சிலை, மண்டபம், பட்டப்பெயர் என்பதைத் தாண்டி வடிவம் எதுவும் இல்லை. பிரான்சில் ட்ரேஃபஸ் விவகாரத்தை ஒட்டி மனித உரிமைச் சங்கம் கண்ட லுதோவிக் ட்ராரியோ என்ற வக்கீலின் பெயரில் ஒரு பரிசு இருக்கிறது. வக்கீல்களுக்கு மட்டுமே தருவது. 1985-இல் முதல் பரிசு அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கு. இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று நான் கோரவில்லை. பரிசுகள் இங்கே என்ன ஆகின்றன என்பது தெரிந்ததுதான்.

நான் மஞ்சக்குட்டையில் இருக்கிறேன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, கோர்ட்டோ கச்சேரியோ இல்லாத ஊர். ஜாமீனுக்குச் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். ஏற்காட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து ஊருக்குள் நுழைகிற வழியில் அஸ்தம்பட்டி. மத்திய சிறை அங்கேதான். மலைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் முதலில் நினைப்பது சிறையைத்தான். கீழே தெரிகிற இந்தச் சேலத்தை வைத்தே இந்த விஷயத்தைப் பேசிவிடலாம் என்று தோன்றுகிறது.

சேலம் ஏற்கெனவே ஒரு வக்கீலைக் கௌரவித்திருக்கிறது. சி. விஜயராகவாச்சாரியார் 1881-இல் இங்கே தொழில் தொடங்கினார். மறு வருஷமே சேலம் கலகம். அதைத் தூண்டியவர் என்று அவரையே குற்றவாளியாக்கிப் பத்து வருஷம் தண்டித்தார்கள். ஹைகோர்ட்டில் விடுதலை பெற்றார். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதே வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காகத் திரும்பவும் வாதாடி அவர்களில் பலரை மீட்டார். நகரசபையிலிருந்து தன்னை நீக்கியதற்காக வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். அந்த நூறு ரூபாய் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சாம்ராஜ்யத்திடம் வசூலித்தது. ‘தென்னாட்டுச் சிங்கம்’ என்றார்கள். 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைவரானார். அவர் பெயரில் சேலத்தில் நினைவு மண்டபமும் நூலகமும் உண்டு. அந்தக் கலகத்தில் ஒரு மசூதி இடிக்கப்பட்டது என்பதைச் சிங்கத்தின் கதையைச் சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். வக்கீலைக் கௌரவிக்கும்போது வழக்கின் மறுபக்கம் மறைந்துபோவது அன்றைக்கே ஆரம்பித்திருக்கிறது.

இதே சேலத்தில்தான் ராஜாஜியும் 1900-இல் வக்கீலாகத் தொடங்கினார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட வரதராஜுலு நாயுடுவுக்காக வாதாடியவர். 1951 பிப்ரவரியில், மத்திய உள்துறை மந்திரியாக, விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தின் ஆயுளை நீட்டிக்கும் மசோதாவைப் பார்லிமெண்டில் நிறைவேற்றித் தந்ததும் அவரே. ஒரே ஊர், ஒரே தொழில். சட்டம் படித்தவன் சுதந்திரத்தின் பக்கம் நிற்பான் என்பதற்கு உத்தரவாதம் ஒன்றும் கிடையாது.

அந்தச் சட்டம் வந்த கதைக்கு அஸ்தம்பட்டிக்குத் திரும்பவேண்டும். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. கலெக்டர், போலீஸ், சிறை எல்லாம் சென்னையின் கீழ். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு எழுதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 25-இல் தில்லி, தடுப்புக்காவல் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று, 1947 டிசம்பரிலிருந்து உள்ளே இருந்த ஏ.கே. கோபாலன்மீது அந்தப் புதுச் சட்டத்தில் உத்தரவு. அதே நாளில், பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வாரப் பத்திரிகை ராஜ்யத்துக்குள் வரத் தடை. மார்ச் 10 அன்று, பாரிஸ்டர் வி.ஜி. ராவ் காரியதரிசியாக இருந்த மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமானது என்று அறிவிப்பு. மூன்றும் சென்னை அரசாங்கத்தின் காரியங்கள். சேலத்தில் ரத்தம் காய்ந்த ஒரு மாதத்துக்குள் நடந்தவை.

மூன்றும் வழக்காகித் தில்லிக்குப் போயின. கோபாலன் எதிர் சென்னை, தாப்பர் எதிர் சென்னை, சென்னை எதிர் ராவ். இந்த நாட்டின் சுதந்திரம் பற்றிய சட்டப் படிப்பு இந்த மூன்று பெயர்களில்தான் தொடங்குகிறது. இறந்த 22 பேரின் பெயரில் அந்த முதல் தொகுதியில் வழக்கு இல்லை. ஆட்கொணர்வு மனு என்று நல்ல தமிழ்ச் சொல் ஒன்று செய்துவைத்திருக்கிறோம். கொணர்வதற்கு ஆள் வேண்டும். 1977-இல் கேரளத்தில் ஈச்சர வாரியர் தன் மகன் ராஜனுக்காக அந்த மனுவைப் போட்டபோது மகன் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த மனு ஒரு முதலமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆளைக் கொண்டுவர முடியவில்லை.

சட்ட அறிக்கைகளைப் புரட்டினவர்களுக்குத் தெரியும்: தலைப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே, சிறு எழுத்தில், ‘மனுதாரருக்காக’ என்று ஒரு வரி வரும். தீர்ப்பைப் படிக்கிற அவசரத்தில் யாரும் அங்கே நிற்பதில்லை. கோபாலன் வழக்கில் அந்த வரியில் எம்.கே. நம்பியார் இருக்கிறார், கூடவே வி.ஜி. ராவின் பெயர். எதிர்வரியில், சென்னை அரசுக்காக, அட்வகேட் ஜெனரல் ராஜா அய்யரோடு சி.ஆர். பட்டாபிராமன். தீர்ப்பு மே 19. ஏழு நாள் கழித்து, மே 26-இல் வந்த தாப்பர் தீர்ப்பின் அதே வரியில் மனுதாரருக்காக நிற்பவர் யார்? அதே பட்டாபிராமன். சர் சி.பி. ராமஸ்வாமி அய்யரின் மகன். 1946-இல் புன்னப்புர-வயலாரில் கம்யூனிஸ்டுகள்மேல் துப்பாக்கியைத் திருப்பியது தகப்பனாரின் திவான் ஆட்சி. நாலு வருஷத்தில் கம்யூனிஸ்ட் பத்திரிகைக்காக மகன் வாதாடுகிறார், ஜெயிக்கவும் செய்கிறார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று நம்மில் பலர் சட்டென்று சொல்லிவிடுவோம். கொள்கைக்காக நிற்பவனைத்தான் நமக்குப் புரிகிறது. வி.ஜி. ராவ் அப்படிப்பட்டவர். தன் சங்கத்துக்காகத் தானே மனுதாரரானார்; விஜயராகவாச்சாரியார்போலவே வக்கீலும் வழக்கும் ஒன்றாகிப்போனவர். 1952 மார்ச் 31-இல் பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பில் ஜெயித்தார். அடிப்படை உரிமைகளுக்குக் கோர்ட்டு விழிப்பான காவலாளாக இருக்கவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை இன்றும் எல்லா வக்கீல்களும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் பெயர் தாங்கிய ‘ராவ் அண்ட் ரெட்டி’ அலுவலகத்தில் 1976-இல் வந்து சேர்ந்த கே. சந்துரு பின்னால் ஹைகோர்ட் நீதிபதியானார். அவர் நடத்திய ஓர் ஆட்கொணர்வு வழக்கு 2021-இல் ‘ஜெய்பீம்’ என்று படமாகி, தமிழ்நாடு ஒரு வக்கீலைக் கைதட்டிப் பார்த்தது. பராசக்திக்கும் இதற்கும் நடுவே 69 வருஷம்.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது நம்பியாரைப் பற்றி. மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த அரசியல் சட்ட வக்கீல். கட்சிக்காரர் இல்லை. 1967-இல் கோலக்நாத் வழக்கில், பஞ்சாபில் நிலம் வைத்திருந்தவர்கள் தொடுத்த வழக்கில், பார்லிமெண்டு அடிப்படை உரிமைகளில் கைவைக்க முடியாது என்று வாதாடினார். கோபாலனின் கட்சி நிலத்தை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்றதோ அவர்களுக்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் 1950-இல் அவர் கோபாலனுக்காகச் சொன்னதைப் பாருங்கள். ‘சட்டம் வகுத்த முறைப்படி’ ஒருவனின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்று 21-ஆம் ஷரத்து சொல்கிறது. சட்டம் என்றால் சட்டசபை எதை நிறைவேற்றினாலும் அதுவா? அப்படியானால் அந்த ஷரத்து யாரைக் காப்பாற்றுகிறது? சட்டம் என்ற சொல்லுக்குள் இயற்கை நீதி இருக்கிறது. குற்றம் என்னவென்று சொல்லவேண்டும், பதில் கேட்கவேண்டும், சார்பில்லாதவன் தீர்ப்புச் சொல்லவேண்டும். சுதந்திரங்களைச் சொல்லும் 19-ஆம் ஷரத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். அவர் வாதத்தின் சாரம் இது. இது ஒரு சொல்லின் அர்த்தம் பற்றிய சண்டை. சொல்லோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இது அந்நியமாக இருக்கக்கூடாது.

தோற்றார். தலைமை நீதிபதி கனியாவும் பெரும்பான்மையும் சட்டம் என்றால் அரசு இயற்றிய சட்டமே என்றார்கள். பஸல் அலி மட்டும் முழுவதுமாக மறுத்து எழுதினார். தோல்வியின் விலை கொஞ்சமில்லை: நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரல் 28-இல், சாந்தி பூஷணும் தார்குண்டேயும் மற்றவர்களும் ஜபல்பூர் வழக்கில் வாதாடித் தோற்றபோது, கைதிக்குக் கோர்ட்டுக்கு வரும் உரிமையே கிடையாது என்று நாலு நீதிபதிகள் சொல்லும் இடத்துக்கு நாடு வந்திருந்தது. எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். மறுத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன, பஸல் அலி, கன்னா என்று. மறுப்பதற்கான காரணத்தை அவர்கள் முன்னால் நின்று சொன்னவன் சிறு எழுத்தில் கிடக்கிறான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டாபிராமன் ஜெயித்த தாப்பர் தீர்ப்பு பதின்மூன்று மாதம்கூட முழுசாக நிற்கவில்லை. 1951 ஜூன் 18-இல் முதல் சட்டத் திருத்தம், பேச்சுரிமைமேல் ‘பொது ஒழுங்கு’ என்ற கட்டுப்பாட்டை ஏற்றிவிட்டது. நம்பியார் தோற்ற வாதமோ 1970-இல் வங்கி தேசியமய வழக்கில் பாதி திரும்பி வந்தது. 1978 ஜனவரி 25-இல் மேனகா காந்தி வழக்கில், முறை என்பது நியாயமானதாக இருந்தாக வேண்டும் என்று கிட்டத்தட்ட முழுவதுமாகவே வந்துவிட்டது. 28 வருஷம். ஜபல்பூர் தீர்ப்பை வெளிப்படையாக ரத்துசெய்ய 2017 வரை ஆனது.

கோபாலன் வழக்கில் அன்றைக்கே கிடைத்தது ஒன்று உண்டு. தடுப்புக்காவல் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று இருந்தது: எந்தக் காரணத்துக்காகத் தன்னை அடைத்திருக்கிறார்கள் என்பதைக் கைதி கோர்ட்டிலும் சொல்லக்கூடாது, மீறிச் சொன்னால் தண்டனை. ஆறு நீதிபதிகளும் சேர்ந்து அதைச் செல்லாது என்றார்கள். கோபாலன் சிறையிலேயே இருந்தார். ஆனால் தன்னை ஏன் பிடித்தார்கள் என்பதை மே 19-க்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சொல்லலாம்.