மாடிப் பேருந்தும் கால்சட்டை அளவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லண்டனில் ஒவ்வொரு சிவப்பு மாடிப் பேருந்திலும் இருவர் வேலை செய்தனர். ஓட்டுநருக்கு முன்புறம் தனி அறை. பணி நேரத்தின் பெரும்பகுதி அவருக்கு அதில் உட்கார்ந்தே கழியும். நடத்துநரோ பணப்பையும் டிக்கெட் இயந்திரமுமாகக் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். அவர் நாளொன்றுக்கு ஏறிய படிகள் ஏறக்குறைய 500 முதல் 750 வரை. வாழ்நிலையில் பெரிய வேறுபாடில்லாத இவ்விருவரையும் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் ஒப்பிட்டதிலிருந்துதான் உடலுழைப்பைப் பற்றிய நவீன ஆய்வு வளர்ந்தது.

1953இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவுகள் அலசப்பட்டிருந்தன. ஆண்டுக்கு ஆயிரம் ஓட்டுநர்களில் 2.7 பேருக்கு மாரடைப்பு வகை இதயநோய் வந்தது, நடத்துநர்களில் 1.9 பேருக்கு மட்டுமே. வந்த நோயும் நடத்துநர்களிடம் அவ்வளவு கடுமையாக இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. பருமனானவர்களே ஓட்டுநர் வேலையை விரும்பிச் சேர்ந்திருந்தால், பழியை இருக்கையின் மேல் போடுவது சரியா? இதற்கு விடை தேட மாரிஸ் குழுவினர் எடுத்துக்கொண்ட ஆதாரம் சீருடை அளவுப் பதிவேடு. பேருந்து நிறுவனமே சீருடை வழங்கியதால் ஒவ்வொருவரின் இடுப்பளவும் அதில் இருந்தது. 1956இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது, இளம் வயதினரிடமும்கூட. ஆக, கேள்வி நியாயமானதுதான். ஆனால் பின்னர் வெளியான தொடர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒல்லி, நடுத்தரம், பருமன் என எந்த உடல்வாகிலும் திடீர் மரணம் நடத்துநர்களிடையே குறைவு. எடை குறையாதபோதும் உழைப்பு உடலைக் காக்கிறது என்பது பருமனோடு போராடும் எவருக்கும் பெரிய ஆறுதல். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

வேலையில் உழைப்பு அருகிவந்ததால் மாரிஸின் கவனம் ஓய்வுநேரத்துக்குத் திரும்பியது. மேசை வேலை பார்த்த அரசு அலுவலர்கள் ஏறத்தாழ 17,000 பேரிடம், ஒரு வெள்ளி, சனிக்கிழமைகளில் என்ன செய்தார்கள் என்று 1968 முதல் 1970 வரை கேட்டு எழுதி வாங்கினர். நீச்சல், வேகநடை, தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பது போன்ற கடும் பயிற்சி செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் மூன்றிலொரு பங்காக இருந்தது.

உணவின் பங்கு மாரிஸ் குழுவினரின் இன்னொரு ஆய்வில், 1977இல் தெளிவானது. லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் 337 ஆண்கள் ஒரு வாரம் உண்ட ஒவ்வொன்றும் 1956 முதல் 1966 வரையிலான காலத்தில் எடைபோட்டுக் குறிக்கப்பட்டிருந்தது. 1976 முடிவதற்குள் அவர்களில் 45 பேருக்கு இதயநோய் வந்துவிட்டது. அதிகக் கலோரி உண்டவர்களுக்கே நோய் குறைவாக வந்தது. நிறைய உழைத்ததால்தான் அவர்கள் நிறைய உண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதினர். கலோரிக் கணக்கு எப்படியிருந்தாலும், தானிய நார்ச்சத்தை மிகுதியாக உண்டவர்களிடமும் நோய் குறைந்தே காணப்பட்டது.