பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின்: சிக்கல்களும் தேறுதலும்

பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில், கட்டியுள்ள குடற்பகுதியை அதைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களோடு வெட்டியெடுத்து, எஞ்சிய இரு முனைகளையும் பெரும்பாலும் அப்போதே பொருத்திவிடுவர். சத்திரசிகிச்சை நிபுணர்கள் மிகவும் அஞ்சுவது இந்தப் பொருத்து கசிவதையே. நூறு பேரில் ஏறத்தாழ 3 முதல் 6 பேருக்கு இது நேர்கிறது. நீரிழிவு, புகைபிடித்தல், போசாக்குக் குறைவு, அவசரச் சத்திரசிகிச்சை ஆகியன ஆபத்தைக் கூட்டும். கசிவு பெரும்பாலும் 5 முதல் 7ஆம் நாளளவில் வெளிப்படும். நோயாளி வீடு திரும்பிய பின்னரும் தெரியவரலாம் என்பதே கவலைக்குரியது. கூடிவரும் வயிற்று நோ, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிறு ஊதுதல் இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. திருகோணமலை நகரத்தாருக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை அருகிலுண்டு. வெருகல், குச்சவெளி போன்ற தூர ஊர்களிலிருப்போர் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

காயத்தில் கிருமித்தொற்று, நிமோனியா, சில நாள்களுக்குக் குடல் அசையாதிருத்தல், காலில் இரத்தம் உறைதல் ஆகியவையும் ஏற்படலாம். ஒரு கால் மட்டும் வீங்குவதும் திடீர் மூச்சுத்திணறலும் உறைகட்டியின் அறிகுறிகள்.

பொருத்துவது பாதுகாப்பில்லை எனக் கண்டால் குடலை வயிற்றின் வெளியே திறந்து பை பொருத்துவர். அது சிறுகுடல் திறப்பாயின் திருகோணமலையின் வெயிலில் நீரிழப்பே பெரிய எதிரி. நாளொன்றுக்கு 1.5 லீற்றருக்கு மேல் பையில் வெளியேறினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது இழப்பைக் கூட்டும். இளநீரில் சோடியம் குறைவு; ஆகவே அது ஜீவனி எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு ஈடாகாது. நோன்பு பிடிக்க விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்க வேண்டும்.

முன்பு குடல் அசையும்வரை சாப்பாட்டை நிறுத்திவைப்பது வழக்கம். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் வகுத்த முறை அதை மாற்றியது: விரைவில் உணவு, விரைவில் நடை. படுக்கையிலேயே வைத்துப் பராமரிப்பதுதான் அன்பு என எண்ணும் உறவினர்கள் இதை அறிவது மிக அவசியம். ஆனால் கரைவலை இழுப்பது, மீன்பெட்டி தூக்குவது போன்ற பாரவேலைகளை 6 முதல் 8 வாரங்கள் தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் குடலிறக்கம் உண்டாகலாம்.

நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால் கீமோதெரபி வழக்கமாக 8 வாரங்களுக்குள் தொடங்கப்படும். அதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலையோ செல்ல நேரலாம். முதற் கொலனோஸ்கோபி வழமையாக ஓராண்டில் செய்யப்படுகிறது. கண்காணிப்பு 5 ஆண்டுகள் நீடிக்கும்.