பிஸ்டன் தலையில் பொறித்த இலக்கம்

"சேர், இந்தப் பழைய லேண்ட் ரோவரெல்லாம் எப்படி இன்னும் ஓடுது?" நம் பிள்ளைகள் வகுப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்தக் காலத்துச் சாமான், அதுதான் ஓடுது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி நமது நாட்டின் இறக்குமதிச் சட்டங்களிலும் லேத் பட்டறைகளிலும் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் எழுதிவைப்போம் என்று நினைத்தோம்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். நமது மலைப்பாதைகளில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அந்த யுத்த காலத்தில்தான். வில்லிஸ் ஜீப்பின் என்ஜின் 2.2 லீற்றர், 60 குதிரை வலு. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து யுத்தம் முடியும்வரை ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். இங்கிலாந்தில் ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ் தன் தோட்டத்தில் ஓட்டிக்கொண்டிருந்ததும் அப்படியொரு ஜீப்தான். அதைப் பார்த்து அவர் உருவாக்கிய லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அப்போது அங்கே இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். நமது ஈரக் காற்றில் அதன் பொடி உக்காமல் நிற்பதற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்!

தேயிலைத் தோட்டங்கள் வாங்கின. பிறகு துரைமார் கைமாறி, முதலாளிமார் கைமாறி, நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன.

இனி என்ஜினுக்கு வருவோம். இங்கே அதிகம் காணும் 2ஏ வகை பெற்றோல் வண்டிக்கு 2286 சீசீ, நான்கு சிலிண்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கொனெக்டிங் ரொட் அதைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதனால் சிலிண்டர் வட்டமாகத் தேயாது, முட்டை வடிவாகத் தேயும். சூடும் அழுத்தமும் கூடிய, ஒயில் குறைந்த மேற்பகுதியில்தான் தேய்வு அதிகம். ரிங் எட்டாத உச்சியில் தேயாத விளிம்பு ஒன்று மிஞ்சும். விரலால் தடவினால் படியைப் போலத் தட்டுப்படும். எயார் கிளீனரில் ஒயில் மாற்றாமல் புழுதி ரோட்டில் ஓடினால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இப்படித் தேயும் என்று செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு பெரிய பிஸ்டன்களையும் சேர்த்தே செய்தார்கள். சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து அடுத்த அளவு பிஸ்டனைப் போடலாம். கிராங்கையும் அதேபோலப் படிப்படியாக அரைத்து, தடித்த பெயாரிங் போடலாம். முதல் அளவிலிருந்து 40 வரை கடைந்தாலும் விட்டத்தில் கூடுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். ஒரு வண்டியின் ஐம்பது அறுபது வருட ஆயுள் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் முடிந்துவிடும்.

போட்ட அளவு பிஸ்டன் தலையிலேயே பொறித்திருக்கும். கரியைச் சுரண்டினால் தெரியும்.

அந்த இலக்கங்களை ஏற்றியதில் நமது அரசாங்கங்களுக்கும் பங்குண்டு. அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1970 முதல் 77 வரை ஸ்ரீமாவோ அம்மையாரின் ஆட்சியில் பாணுக்கே வரிசை, புது வாகனத்தை யார் கேட்பது? ஓடுவதைக் கடைந்து ஓட்டுவதே ஒரே வழி. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வியாபாரம் தழைத்ததும் ஊருக்கூர் லேத் பட்டறைகளுக்கு மவுசு வந்ததும் இந்த நெருக்கடியில்தான். சோஷலிசம் நமக்கு என்ன தந்தது என்று கேட்பவர்களுக்கு, நல்ல லேத் பாஸ்மார் என்று நாம் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு.

1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டார். ஜப்பானின் பாவித்த வாகனங்களும் அவற்றின் என்ஜின்களும் வந்து குவிந்தன. லேண்ட் ரோவர் என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு நிஸான், டொயோட்டா, இசுசு டீசலைப் பூட்டுவது வழக்கமாயிற்று. அதில் நியாயமும் இருந்தது. பெற்றோல் வண்டி கலனுக்கு இருபது மைல்கூடத் தராது. ஆனால் கடைவதற்கு ஆள் வராததால் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி திரும்பவும் நின்றபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. கடையத் தெரிந்தவர்களைத் தேடினால், விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சியிருந்தார்கள்.

போன விடுமுறையில் நம் பகுதிக் குடும்பமொன்றின் 2ஏ வண்டியைத் திறக்கும்போது கூட இருந்தோம். மேல்கிராமத்திலிருந்து நோயாளிகளையும் ஜனாஸாக்களையும் இறக்கிவந்த வண்டி அது. நீலப் புகை, ஏற்றத்தில் இழுவையில்லை. கொம்ப்ரஷன் பார்த்தால் நான்கு சிலிண்டரும் குறைவு. ஒரு கரண்டி ஒயில் ஊற்றித் திரும்பப் பார்த்தபோது முள் ஏறியது. வால்வில் பெரிய பிழையில்லை, தேய்ந்தது ரிங்கும் சிலிண்டரும்தான்.

பிள்ளைகள் டீசல் போடுவோம் என்றார்கள். தகப்பனுக்கு மனமில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் பொலொக்கில் உள்ள இலக்கமும் இன்றுவரை ஒன்று, அதை மாற்ற விருப்பமில்லை என்றார். "அப்ப ரிங் மட்டும் போட்டுத் தாங்களேன், பாஸ் நானா" என்று மூத்த மகன் செலவைக் குறைக்கப் பார்த்தார்.

"மகன், தேஞ்ச சிலிண்டர்ல புது ரிங்க போட்டா மேல நிக்கிற விளிம்புல மோதி உடஞ்சிடும். முட்ட மாதிரித் தேஞ்சதுல வட்ட ரிங் எப்படி உக்காரும்?" என்றார் அவர். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கரியைச் சுரண்டியபோது தெரிந்த இலக்கம் 030. குறைந்தது ஒருமுறையாவது கடைந்த என்ஜின், மிஞ்சியிருப்பது 40 மட்டுமே. அந்த அளவு பிஸ்டன் நான்கையும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுக்கவே வாரக்கணக்காயிற்று. பிஸ்டன் கைக்கு வரும்வரை பாஸ் நானா பொலொக்கைத் தொடவில்லை. கடை சொல்லும் அளவை நம்பிக் கடையக்கூடாதாம், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்துதான் அதற்குரிய சிலிண்டரைக் கடைய வேண்டுமாம். கடைந்த பிறகு குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு விழ ஹோன் செய்தார். ஒயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான்.

வண்டி இப்போது மேலே ஏறுகிறது. இனியொரு முறை தேய்ந்தால் கடைய இடமில்லை, லைனர் இறக்கித்தான் முதல் அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்த வேலையை இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவரே செய்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சாதாரண தரம் எழுதி முடித்த நம் மாணவர்கள் இருவர் சனிக்கிழமைகளில் அங்கே போய் நிற்கிறார்கள். பொலொக் கழுவவும் போல்ட் அடுக்கவும் விடுகிறார். மைக்ரோமீற்றரை இன்னும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.