முத்துக் கடலும் கயிறு பிடித்த கைகளும்



மலருக்கு ஒரு கட்டுரை வேணும், "புதுசா ஒண்ணு செய்ய ஏன் பயப்படுறோம்" என்பதைப் பற்றி எழுதுங்க என்று கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மற்றவர்களுக்கு அறிவுரை சொல்கிற வயசும் எனக்கு இல்லை. அதனால் நம்ம தூத்துக்குடிக் கரையின் சரித்திரத்தையே எடுத்துக்கொண்டேன். பயம் என்றால் என்ன என்று இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

குழுக் கூட்டத்தில் யாராவது புதுத் தொழில் பேச்சை எடுத்தால் உடனே வருகிற கேள்வி ஒன்றுதான். "நஷ்டமாச்சுன்னா யாரு கட்டுறது?" இதைக் கேட்கிறவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக் கூடாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள்தானே கட்ட வேண்டியிருக்கு! நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம்ம கடலிலேயே இருக்கிறது.

சுறாவும் கடல்கட்டியும்

கொற்கை பாண்டியர்களின் துறைமுகம். அங்கிருந்து முத்து ரோமாபுரி வரைக்கும் போனது. ஏறத்தாழ 2000 வருஷத்துக்கு முன் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளை வைத்துத்தான் முத்து எடுத்தார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. அப்படி என்றால் அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிற்காலத்தில் நம்ம கரைப் பரதவர்களும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் அதைத் தொழிலாகச் செய்தார்கள். சிப்பி கிடக்கும் இடத்துக்குப் 'பார்' என்று பேர். ஆழம் 5 பாகம் முதல் 10 பாகம் வரை, அதாவது 30 அடி முதல் 60 அடி. காற்று சிலிண்டர் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் போல கீழே இருக்க வேண்டும். அதற்குள் சிப்பியை அள்ள வேண்டும். சுறா வந்தால் ஓட இடமில்லை.

இந்தப் பயத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு மருந்து வைத்திருந்தார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவர் இருந்தார். அவருக்குப் பேர் 'கடல்கட்டி'. 700 வருஷத்துக்கு முன் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெளிநாட்டுப் பயணி இதை எழுதி வைத்திருக்கிறார். கிடைக்கிற முத்தில் 20-ல் ஒரு பங்கு மந்திரக்காரருக்குக் கூலியாம். இன்னொன்றும் சொல்கிறார். பகலில் போட்ட கட்டை ராத்திரி அவிழ்த்து விடுவார்களாம். ராத்திரி யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்து எடுத்துவிடக் கூடாதே! பயத்தைப் போக்கவும் அதே மந்திரம், பயம் காட்டவும் அதே மந்திரம். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் இந்த வழக்கம் போகவில்லை. கடல்கட்டி இல்லாமல் ஆட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை வைத்துக்கொண்டது.

மந்திரம் மனசுக்குத் தைரியம் கொடுத்திருக்கும். ஆனால் 60 அடி ஆழத்தில் கிடந்தவனை மேலே கொண்டு வந்தது கயிறு. குளிக்கிறவன் ஒரு கல்லில் கால் வைத்து விறுவிறு என்று கீழே இறங்குவான். தோணியில் இருக்கிற துணையாள் கல்லை மட்டும் உடனே மேலே இழுத்துக்கொள்வான். கீழே இருக்கிறவன் சிப்பியைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். அந்த நொடியே மேலே தூக்க வேண்டும். துணையாள் வேடிக்கை பார்த்தால் உயிர் போச்சு. அதனால் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள், அக்கா தங்கச்சி தாலி அறுக்க அவன் விட மாட்டான் என்று நம்ம பக்கம் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

ஜப்பானில் 'அமா' என்று கடலில் மூழ்கும் பெண்கள் உண்டு. அங்கே பொம்பளை கடலுக்குள் இறங்க, அவள் புருஷன் படகில் உட்கார்ந்து கயிறு பிடிக்கிற வழக்கம் இருக்கிறது. எந்தக் கடலானாலும் தனியாக இறங்கச் சொல்லவில்லை, பாருங்கள்.

25 ரூபாய்ப் பங்கு

அடுத்த கதை நம்ம ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை கதை. கப்பலோட்டிய தமிழன் என்று எல்லாரும் படித்திருப்போம். எப்படி ஓட்டினார் என்பதுதான் நமக்குப் பாடம்.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பல்தான் ஓடியது. வ.உ.சி. முதலில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார். வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்ட, அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். கொழும்பில் இருந்து வேறு கப்பல் வாடகைக்குப் பிடித்தார். வாடகைக் கப்பலை நம்ப முடியாது என்று சொந்தமாக வாங்கவே துணிந்தார். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்காகப் பிரித்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்தார். ஒரு பணக்காரரை நம்பாமல் ஊரெல்லாம் சேர்ந்து கயிறு பிடிக்கிற ஏற்பாடு அது. 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஆட்களை இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி. கைதானார். ஜெயிலில் செக்கு இழுத்தார். வெளியே கம்பெனிக்கு நஷ்டம். வியாபாரிகளுக்கு அரசாங்கத்தின் நெருக்கடி. கம்பெனிக்குள் இருந்தவர்களே முன்பே அவரிடம் அரசியலை விடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். 1911-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

அவருக்குத் தைரியம் குறைந்ததால் கப்பல் நிற்கவில்லை. அவர் ஆழத்தில் இருந்தபோது மேலே இருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றை விட்டன. இன்று துறைமுகத்துக்கு வ.உ.சி. பேர் வைத்திருக்கிறோம். அது நல்லதுதான். கூடவே இந்தப் பாடத்தையும் நினைப்பில் வைக்க வேண்டும்.

பழைய தொழிலும் நிலையில்லை

தெரிந்த தொழிலிலேயே இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறோம். ஆயிரக்கணக்கான வருஷம் நடந்த முத்துக்குளிப்பு நம்ம தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-ல். பாரில் சிப்பி குறைந்துபோச்சு, சலாபமும் நின்றது. பிறகு வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து, 1973 ஜூலையில் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் 1893-லேயே செய்து காட்டியது அது.

பக்கத்து ராமநாதபுரம் கரைப் பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. மாசத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது என்று இந்தப் பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்.

அதே கரையில் 2000-க்குப் பிறகு மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவை கட்டிப் புதுப் பாசி ஒன்றை வளர்த்தன. பெப்சி கம்பெனி கொண்டுவந்ததால் 'பெப்சி பாசி' என்றே பேராகிவிட்டது. 45 நாளில் அறுவடை, நல்ல வருமானம். 2013 வாக்கில் கடல் சூடாகிப் பாசி அழிந்து, பலருக்கு நஷ்டம். புதுசில் நஷ்டமே வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரம் யார் கூட நின்றார்கள் என்பதில்தான் மறுபடி எழுவது இருக்கு.

நம்ம கயிறு

நம்ம குழு என்பதே ஒரு காலத்தில் புது முயற்சிதான். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாக ஆரம்பித்தது. ஈடு இல்லாமல் பொம்பளைகளுக்குக் கடனா என்று வங்கிகளுக்கும் தயக்கம் இருந்திருக்கும். வாரக் கூட்டம், சேமிப்பு, கணக்கு நோட்டு, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், இவைதான் அந்தத் தயக்கத்தைப் போக்கின.

எங்க குழுவில் ஒரு மைனி கருப்பட்டி மிட்டாய் போடணும் என்றாள். 50,000 ரூபாய் வங்கிக் கடன் கேட்டாள். மூன்று கூட்டம் பேசினோம். முதலில் குழுச் சேமிப்பில் இருந்து 5,000 கொடுத்தோம். முதல் தடவை மழை ஈரத்தில் மிட்டாய் நீர்த்துப்போச்சு. அவள் மறைக்கவில்லை. அந்த வாரமே கூட்டத்தில் சொன்னாள். இரண்டு மாசத் தவணையைத் தள்ளி வைத்தோம். இப்போ இரண்டு கடைக்குப் போடுகிறாள்.

ஆகவே முத்துக்குளித்தவர்களிடம் இருந்து நாலு கேள்வியை நம்ம கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆழம் எவ்வளவு, அதாவது நஷ்டம் வந்தால் எவ்வளவு வரும்? கல் எவ்வளவு கனம், முதல் தடவைக்கு எவ்வளவு பணம் போதும்? மூச்சு முட்டினால் கயிற்றை எப்போ சுண்டுவாள், யாரிடம் சொல்லுவாள்? மேலே இருந்து இழுக்கப் போவது யார்? இந்த நாலையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு அவளை இறங்கச் சொல்லுவோம்.

"நஷ்டமாச்சுன்னா யாரு கட்டுறது?" என்று இனியும் கேட்போம். கேட்டவளே, "நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறேன், நீ இறங்கு ஏளா" என்று சொல்லவும் வேணும்.