மஞ்சள் ஒரு பிழையா?

கடம்பத்தூரில் ஆயா வீட்டுப் பரண்மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே 1989இல் நடந்த அம்மாவின் கல்யாண நெகட்டிவ்கள், துண்டு துண்டாக வெட்டிய ஆரஞ்சு நிறப் பட்டைகள். ஆல்பம் எப்போதோ சிவந்துவிட்டது. பந்தல், வாழைமரம், மாப்பிள்ளைச் சட்டை எல்லாம் ஒரே செம்மண். நெகட்டிவை ஸ்கேன் பண்ணி கலரைச் சரிபண்ணிட்டா முடிஞ்சது, ஒரு ஞாயித்துக்கிழமை வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

ஆல்பம் சிவந்ததற்குக் காரணம் எளிது. வண்ணப் புகைப்படத்தில் இருப்பவை மூன்று சாயங்கள்தான்: மஞ்சள், மெஜந்தா, சயான். அந்தக் காலத் தாள்கள் பலவற்றில், இருட்டில் மூடி வைத்தாலும் முதலில் வெளிறுவது சயான். அது போனால் சிவப்பு மிஞ்சும். பழைய ஈஸ்ட்மென்கலர் திரைப்படப் பிரதிகள் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான். 1964இல் வெளியான ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து 2012இல் மறுபடி திரையிட்டார்களே, அந்த வேலையின் குட்டி வடிவம்தான் என் லேப்டாப்பில் நடந்தது.

நெகட்டிவின் ஆரஞ்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பழசானதால் வந்த கறை இல்லை. மெஜந்தா சாயம் பச்சையை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் நீலத்தையும் விழுங்கிவிடும். சயானும் இப்படியே தன் எல்லை தாண்டும். இந்தப் பிழையை ஈடுகட்ட, 1940களில் கோடாக் நிறுவனத்தின் வெஸ்லி ஹான்சன் ஃபிலிமுக்குள்ளேயே நிறமுள்ள வேதிப்பொருள்களைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் மிச்சம்தான் ஆரஞ்சு. அதாவது, நான் ‘திருத்த’ உட்கார்ந்த நெகட்டிவ் ஏற்கெனவே தனக்குள் ஒரு திருத்தத்தோடுதான் பிறந்திருக்கிறது.

சரி, யாருக்காகத் திருத்தியது? 1950களிலிருந்து அமெரிக்க லேப்களில் ‘ஷெர்லி கார்டு’ என்று ஓர் அட்டை புழங்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் நன்றாக வந்தால் மெஷின் சரி. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவருக்கு கோடாக்கின் முன்னாள் ஊழியர்கள் சொன்ன ஒரு செய்தி முக்கியமானது: ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாகப் பதிவதில்லை என்ற புகாரை அழுத்தமாக எழுப்பியவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி, மேசை விற்பவர்களும். கறுத்த மனிதர்களின் முகம் தெளிவாகத் தெரியாததற்கு அப்படியொரு அவசரம் வரவில்லை.

நம்மிடமும் ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. 1960இல் தொடங்கி, 1967இல் ஊட்டியில் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ஆனால் அதன் ‘இந்து’ ஃபிலிம் பேர் வாங்கியது கறுப்பு வெள்ளையில். வண்ணம் என்றால் கோடாக், ஃபியூஜி, கோனிகா. நம் முகங்கள் எங்கேயோ வகுத்த அளவுகோல்களின்படிதான் பதிவாகின.

இனி என் லேப்டாப்புக்கு வருவோம். ஸ்கேன் செய்து, தலைகீழாக்கி, ‘ஆட்டோ’ பட்டனை அழுத்தினேன். பளிச்சென்று வந்தது. அம்மா சிவப்பாக, கொஞ்சம் சோகை பிடித்தவள் மாதிரி இருந்தாள். முகத்தில் மஞ்சளைக் காணோம். நலங்கு வைத்து, மஞ்சள் பூசி உட்கார வைத்த பெண்ணின் முகத்தில் மஞ்சள் இல்லை!

பிறகுதான் புரிந்தது. இப்படிப்பட்ட தானியங்கித் திருத்தங்களில் ஒரு பரவலான ஊகம் இருக்கிறது: ஒரு படத்தின் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு நிறம் கூடிவிட்டது, அதைக் கழி. அரக்குப் புடவை, மாநிறத் தோல், மஞ்சள், குங்குமம், பித்தளைக் குத்துவிளக்கு. இதையெல்லாம் கலந்தால் சாம்பலா வரும்? மென்பொருள் எங்கள் கல்யாணத்தையே பிழையென்று கணக்கிட்டு, அதன்மேல் நீலத்தை ஊற்றியிருந்தது.

வேட்டியை ‘இதுதான் வெள்ளை’ என்று காட்டிப் பார்த்தேன். படம் முழுக்க மஞ்சளடித்தது. அந்த வேட்டி சொட்டு நீலம் போட்டு அலசியது. அது வெள்ளையே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு ஸ்டேஷன். அதே ரோலில், பகல் வெளிச்சத்தில், கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் புதுமணத் தம்பதி நிற்கும் படம். பின்னால் ரயில்வே பெயர்ப்பலகை: மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து. எழுத்தைக் கறுப்பாக்கி, பலகை நான் தினமும் பார்க்கும் மஞ்சளாகும்வரை மூன்று நிறங்களின் கர்வ்களையும் தனித்தனியே வளைத்தேன். ஃபிளாஷ் வெளிச்சமும் பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமானது. அதனால் அதே அளவுகளை மண்டபப் படங்களுக்கும் போட்டேன். மஞ்சள் திரும்பி வந்தது. கூடவே அம்மாவின் கறுப்பும்.

அம்மா பார்த்தாள். “என்னடா, இவ்ளோ கறுப்பா போட்டிருக்க? ஆல்பத்துல கலரா இருந்தேனே.”

நம் பேச்சில் ‘கலர்’ என்றாலே வெளுப்பு. ஷெர்லி கார்டை நமக்கு யாரும் வெளியிலிருந்து அனுப்பியிருக்கத் தேவையில்லை. எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த பெரிய படத்தில் ஸ்டுடியோக்காரர் அம்மாவின் முகத்தை முன்பே வெளுத்துத்தான் கொடுத்திருந்தார். கேட்காமலே.

பெரியம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தாள். “புடவை இதே அரக்குதான். மஞ்சளும் நான் பூசுனதுதான். காதோரம் திட்டா நின்னுடுச்சுன்னு அன்னிக்கே திட்டு வாங்கினேன். தோ பாரு, இருக்கு.”

இருந்தது. ஆல்பத்தில் யாருக்கும் தெரியாத திட்டு.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “ரெண்டையும் வச்சிரு” என்றாள்.

வைத்திருக்கிறேன். தொடாத மூல ஸ்கேன் தனியாக, திருத்தம் தனி லேயராக. எதை அளவுகோலாகக் கொண்டேன், யாரிடம் கேட்டேன் என்ற குறிப்பும் அதே ஃபோல்டரில் இருக்கிறது. நாளைக்கு யாராவது நான் செய்தது தப்பு என்று கண்டுபிடித்தால், அவர்கள் மறுபடி தொடங்க ஓர் இடம் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கும். அதைத் திறக்கும்போது, ‘ஆட்டோ’ பட்டனுக்கு முன்னால் ஒரு பெரியம்மாவைக் கேளுங்கள். நெகட்டிவ் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். அவர்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.