பீப் சத்தத்தின் வரலாறு: எழுந்திருக்காத கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?

பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த புது டெஸ்க்டாப். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுத்துகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. நம் ஊர்களில் இதற்குக் கிடைக்கும் முதல் தீர்ப்பு, "போர்டு போச்சு சார்." பெரும்பாலும் இது வெறும் ஊகம். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. எந்த இடத்தில் நின்றுபோனேன் என்று சொல்லும் வேலையை கம்ப்யூட்டருக்கே 1981லேயே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதைதான் இந்தக் குறிப்பு.

சரி, ஓடாத மெஷின் தன்னைத்தானே எப்படிச் சோதிக்கும்? நெய்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சிக்கல் புதுசில்லை. அனல்மின் நிலையத்தில் பாய்லர் எரிய ஃபேன், பம்ப், பழுப்பு நிலக்கரியை அரைக்கும் மில் எல்லாம் ஓடணும். அவை ஓட மின்சாரம் வேணும். மின்சாரம் தயாரிக்கவே மின்சாரம்! சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 1962ல் உற்பத்தியைத் தொடங்கியது. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, இப்படிப்பட்ட நிலையம் எதுவும் ஒரே சுவிட்சில் எழுந்துவிடாது. வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வாங்கி, சின்னதை முதலில் ஓட்டி, அதை வைத்துப் பெரியதை எழுப்புவார்கள். கம்ப்யூட்டர் 'பூட்' ஆவதும் இதே மாதிரி படிப்படியாகத்தான்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை, 5150 மாடலை, அறிவித்தது. அதன் மதர்போர்டில் ஒரு ரோம் சிப்புக்குள் 8 கிலோபைட் அளவில் பயாஸ் என்ற நிரல் இருந்தது. பவர் வந்ததும் பிராசஸர் முதலில் தேடிப்போவது இதைத்தான். அந்த நிரலின் ஆரம்பப் பகுதிக்கு 'பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்', சுருக்கமாக 'போஸ்ட்' என்று பெயர். ஐபிஎம் இந்த நிரலைத் தன் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகத்தில் அப்படியே அச்சடித்துக் கொடுத்தது. அதனால் இன்றைக்கும் வரிவரியாகப் படிக்க முடிகிறது.

படித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் பிராசஸர் தன் ஃபிளாக்குகளையும் ரெஜிஸ்டர்களையும் சோதிக்கிறது. அடுத்து ரோம் சிப்பின் செக்சம். அப்புறம் டிஎம்ஏ, ரேமின் முதல் 16 கிலோபைட், இன்டரப்ட், டைமர். இவ்வளவுக்கும் பிறகுதான் திரை. கீபோர்டும் டிஸ்க்கும் அதற்கும் பின்னால். ஏற்கெனவே தேறியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததைச் சோதிப்பது என்ற விதிதான் இதற்குள் ஓடுகிறது. ரேம் நல்லதா என்று தெரியும் முன் ரேமை நம்பி எதுவும் செய்யக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. திரை கடைசிப் பக்கம் வருவதால், அதற்கு முன்னால் நடக்கும் கோளாறைத் திரையில் எழுதிக் காட்ட முடியாது. அதற்குத்தான் ஸ்பீக்கர். ஒரு குட்டி பீப் வந்தால் எல்லாம் நலம். ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் டிஸ்ப்ளே பகுதியில் கோளாறு. பிராசஸரே தேறவில்லையென்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும், சத்தமே வராது. அதாவது மௌனமும் ஒரு பதில்தான்.

1982ல் காம்பேக் சொந்தமாக பயாஸ் எழுதி, ஐபிஎம்முக்கு இணையான கம்ப்யூட்டரை அறிவித்தது. 1984ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் பயாஸை யார் கேட்டாலும் விற்க ஆரம்பித்தது. கதையில் நம்ம ஊர் எட்டிப் பார்ப்பது இதற்கு அடுத்து. 1985ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்பிரமோணியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கிய நிறுவனம்தான் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், சுருக்கமாக 'ஏஎம்ஐ'. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அந்த முக்கோண லோகோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

ஆளுக்கொரு பயாஸ் எழுதியதால் பீப் பாஷையும் ஆளுக்கு ஒன்றாகிவிட்டது. பழைய ஏஎம்ஐ பயாஸில் மூன்று பீப் என்றால் ரேமின் முதல் 64 கிலோபைட்டில் கோளாறு, எட்டு என்றால் டிஸ்ப்ளே மெமரி. அதனால் பீப்பை எண்ணுவதற்கு முன்னால், பயாஸ் யாருடையது என்று பார்க்கணும். சத்தம் போதாதவர்களுக்காக இன்னொரு வழியும் வந்தது. 1984ல் வந்த ஐபிஎம் ஏடி ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எண்ணை வெளியே அனுப்பியது. அந்த எண்ணைக் காட்டும் 'போஸ்ட் கார்டு' ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் சர்வீஸ் பார்ப்பவர்களுக்கு நல்ல பழக்கம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போ எதுக்கு என்று கேட்கலாம். முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் அக்கா பையன் காலேஜ் ப்ராஜெக்டுக்காகப் போன வருஷம் ஒரு மெஷின் சேர்த்தான். முந்திரி விற்ற காசு. பட்டனைத் தட்டினால் ஃபேன் மட்டும் ஓடியது. பக்கத்து டவுனில் ஒரு கடையில் காட்டினால் அதே தீர்ப்பு, போர்டு போச்சு, புதுசு போடணும். "மாமா, அம்மாகிட்ட இன்னொரு தடவை காசு கேக்க முடியாது" என்றான் போனில்.

அந்த விலையில் வரும் போர்டில் கோளாறு காட்டும் லைட்டுகள் கிடையாது. கேபினட்டில் ஸ்பீக்கரும் இல்லை. ஒரு பழைய கேபினட்டிலிருந்து குட்டி ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டச் சொன்னேன். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு ரேமையும் எடுத்துவிட்டு, மறுபடி ஆன் பண்ணச் சொன்னேன். பீப், பீப் என்று கத்தியது.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்? "ரேம் எங்கே?" என்று கேட்க ஒரு ஆள் உள்ளே உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பிராசஸர் ஓடுகிறது, பயாஸ் ஓடுகிறது, போர்டு போகவில்லை. அடுத்து ஒவ்வொரு ரேமாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றில் திரை வந்தது. இன்னொன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் அதே கத்தல். அந்த ஒரு ரேமை வாரண்டியில் மாற்றியதோடு விஷயம் முடிந்தது. போர்டுக்குச் செலவு ஒரு பைசா இல்லை.

கொஞ்சம் விலை கூடின இன்றைய போர்டுகளில் நான்கு குட்டி லைட் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எந்த லைட் அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அந்த வரிசையைக் கவனியுங்கள்: பிராசஸர், மெமரி, திரை, டிஸ்க். 1981ன் வரிசையேதான்!

புதுக் காலத்துக்கென்று சில புதுச் சிக்கல்களும் உண்டு. போர்டின் பயாஸ் பழசாக இருந்தால் புது பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. 2018ல் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு, பயாஸை அப்டேட் செய்துகொள்ள ஏஎம்டி ஒரு பிராசஸரை இரவலாகவே அனுப்பியது. டிடிஆர்5 ரேம் போட்ட மெஷின் முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள்கூட எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையில்லாமல் பவரைப் பிடுங்கினால் திரும்ப முதலிலிருந்து.

ஆக, நாம் பார்க்க வேண்டிய வரிசையும் மெஷின் பார்க்கிற வரிசைதான். முதலில் பவர்: 24 பின் கனெக்டர், பிராசஸருக்குத் தனியாக வரும் 8 பின் கனெக்டர். இந்த இரண்டாவதை மறந்துவிட்டாலும் ஃபேன் சுத்தும், வேறு எதுவும் நடக்காது. பிறகு பிராசஸர், ஒரே ஒரு ரேம், டிஸ்ப்ளே, கடைசியாக டிஸ்க். ஒன்று தேறிய பிறகு அடுத்தது. கேபினட் கம்பெனிகள் மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிட்ட அந்தக் குட்டி ஸ்பீக்கரைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். விலை சில்லறைக் காசுதான். அடுத்த தடவை யாராவது "போர்டு போச்சு" என்றால், அது எத்தனை பீப் அடித்தது என்று கேளுங்கள்.