டாஷ்போர்டு: சேறு தடுத்த பலகை

விற்பனை, சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி என ஒரு நிறுவனத்தின் நடப்பையெல்லாம் எண்ணும் வரைபடமுமாக ஒரே திரையில் காட்டும் பக்கத்துக்கு டாஷ்போர்டு என்று பெயர். திரைக்குள் பலகை எப்படி வந்தது, அதற்கு முன்னே ஒட்டிக்கொண்ட ‘டாஷ்’ எது என்று சொல்லை விரும்பும் நாம் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஓங்கி அடித்தலையும், அடித்த விசையில் நீரோ சேறோ சிதறுதலையும் குறித்த பழைய ஆங்கில வினை ‘டாஷ்’. அது ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியே வந்திருக்கலாம் என்பர். வில்லின் நாணுக்கும் யாழின் நரம்புக்கும் மழைக்காலத் தெருச் சேற்றுக்கும் பொதுவாக நாம் ஆளும் ‘தெறித்தல்’, றகரத்தின் வன்மையிலேயே அந்த விசையைக் காட்டிவிடுவதால், இதற்கு நேர்நிற்கும் தமிழ் வினை அதுதான். குதிரை ஓடும்போது குளம்படியிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியில் அமர்ந்திருப்பவர்மேல் படாதபடி முன்னால் நிறுத்திய மரப்பலகையோ தோல்தட்டியோதான் முதல் டாஷ்போர்டு. 1840களிலேயே இச்சொல் ஆங்கிலத்தில் வழங்கியிருக்கிறது.

மோட்டார் வண்டி வந்தபோது குதிரை போனது, பலகை போகவில்லை. 1901இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் வண்டி ஒன்றுக்கு, வளைந்த அதன் முன்பலகையை வைத்தே ‘கர்வ்டு டாஷ்’ என்று பெயர் நிலைத்தது. பின்னர் எஞ்சின் முன்பக்கம் இடம்பெயர, அதன் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஓட்டுநருக்கும் நடுவே நின்ற அப்பலகைமேல் ஒவ்வொன்றாக மானிகள் ஏறின. மறைப்பதற்கென்று பிறந்த பொருள் காட்டுவதற்கென்று ஆனது. பெயர் மட்டும் பழைய தொழிலைச் சுமந்தபடி நின்றது.

பிரெஞ்சுக்காரர்கள் வண்டியின் மானிப்பலகைக்கு வழங்கும் ‘தாப்லோ த போர்’ என்ற பெயரையே மேலாளர் பார்வைக்கு வரும் கணக்குத் தொகுப்புக்கும் இட்டு, கணினித்திரை பரவுமுன்பே அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டனர். 1992இல் மேலாண்மை அறிஞர்களான காப்லானும் நார்ட்டனும், நிறுவனத்தின் செயல்திறனை அளக்கத் தாங்கள் வகுத்த சமச்சீர் மதிப்பெண் அட்டையை விளக்கியபோது விமானி அறையின் மானிகளையே உவமை காட்டினர். உவமை ஊன்றியதும் மென்பொருள் வடிவமைப்பாளர்கள் வட்டமும் முள்ளும் திரையில் வரையத் தொடங்கினர்.

இங்கேதான் சொல்லின் இரண்டாம் அடுக்கான மானிப்பலகை வழி தவறச் செய்தது. ஓடும் வண்டியின் வேகம் இக்கணத்துக்கு உரியது; முள் போதும். மாத விற்பனைக்கோ போன மாதமும் வேண்டும், இலக்கும் வேண்டும். திரையில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும் வட்டமானி ஒற்றை எண்ணைத்தான் சொல்கிறது. தகவல் டாஷ்போர்டு வடிவமைப்பு பற்றி 2006இல் நூல் எழுதிய ஸ்டீபன் ஃபியூ இதைக் கண்டித்து, ‘புல்லட் கிராஃப்’ என்னும் மாற்றை வகுத்தார்: நடப்பு அளவுக்கு ஒரு மெல்லிய பட்டை, இலக்குக்கு அதன் குறுக்கே ஒரு கோடு, மோசம், பரவாயில்லை, நன்று என்பவற்றுக்குப் பின்புலத்தில் ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாடு. இத்தனையும் ஒரு வரி உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பல நிறங்களையும் நிழலையும் அலங்காரத்தையும் விலக்கிய அந்தப் பட்டை, சொல்லின் முதல் அடுக்குக்கே, சேறு தடுக்கும் வேலைக்கே, திரும்பிப் போயிருக்கிறது.

தமிழில் இதைக் கட்டுப்பாட்டகம் என்றும் முகப்புப்பெட்டி என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறோம். கட்டுப்படுத்தும் விசை எதுவும் இல்லாமல் காட்டுவதை மட்டுமே செய்யும் பக்கத்துக்கு முன்னது பொருந்தாது. பின்னது இடத்தைச் சொல்லித் தொழிலைச் சொல்லாமல் விடுகிறது. விலை நிலவரம், சந்தை நிலவரம் என்று நாள்தோறும் நாவில் புழங்கும் சொல்லை எடுத்து ‘நிலவரப்பலகை’ என்றால் என்ன? வடமொழிப் ‘பலக’த்தோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்துப்போகும் ‘பலகை’க்கு எழுதும் பலகை, அமரும் பலகை என்னும் பொருள்களோடு கேடயம் என்ற பொருளும் உண்டு என்பதை அகரமுதலிகள் சொல்கின்றன. காட்டுவதும் காப்பதும் ஆகிய இரண்டு தொழிலையும் ஆங்கிலச் சொல் அடைய ஒரு வண்டிப் பயணமே வேண்டியிருந்தது. நம் பலகையிலோ இரண்டும் முன்பே குடியிருக்கின்றன. இப்பெயரைச் சொல்லிப் பழகும் வடிவமைப்பாளர், திரையில் ஏற்றும் ஒவ்வோர் எண்ணிடமும் ‘நீ நிலவரமா, தெறிப்பா?’ என்று கேட்டே ஏற்றுவார்.